விழாக்குழு மாப்பிள்ளை

டி.வி.யில் கோட் சூட் போட்ட ஆள் யார் வந்தாலும் அப்பா சோபாவின் நுனிக்கு வந்துவிடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், மறுபடி மூக்குக்கு இறக்குவார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "இது மாப்பிள்ளை இல்லையே?" என்பார்.

அவள் இல்லையென்று தலையசைப்பாள். உலக விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினாள். மடித்து வைத்திருந்த துணிகளையே உதறி மறுபடியும் மடித்தாள்.

கணவனுக்கு விழாக்குழுவில் அதிகாரி வேலை என்று அப்பாவிடம் சொல்லிவைத்தவள் அவள்தான். நிலையான வேலை இல்லாதவனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அப்பா. கல்யாணம் நடந்தபிறகும் மாப்பிள்ளையிடம் வாங்க, போங்க என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதிகாரி வேலை என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவள் வீட்டு வாசற்படியையே மிதித்திருக்கிறார். அதுவும் மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு, மாப்பிள்ளையை டி.வி.யில் பார்ப்பதற்கென்றே.

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று கணவன் கெஞ்சித்தான் பார்த்தான். இவள்தான் கேட்கவில்லை. அவன் இப்போது அந்த மைதானத்தில்தான் இருந்தான். சொன்னதில் அது மட்டும் உண்மை.

அண்ணன் ஒரு கண்ணை டி.வி.யிலும் மறு கண்ணைச் செல்போனிலும் வைத்திருந்தான். விழாவைப் பார்க்கிறவர்கள் சுடச்சுட எழுதுவதையெல்லாம் படித்துக்காட்டிக்கொண்டிருந்தான். வாணவேடிக்கைப் புகையில் ஒரு மண்ணும் தெரியவில்லை என்று ஒருவர். நம் அணி உள்ளே நுழையும்போதா விளம்பரம் போடுவீர்கள் என்று இன்னொருவர். வர்ணனையாளர் கொஞ்சம் வாயை மூடினால் கோடிப் புண்ணியம் என்று முக்கால்வாசிப் பேர்.

அப்பாவுக்கும் அதே அபிப்பிராயம்தான். பந்தை உருட்டுவதற்கு முன்னால் எதற்கு இத்தனை கூத்து என்று முணுமுணுத்தார். அண்ணிக்கு மட்டும் அந்தப் பச்சை ஆமையைப் பிடித்துப்போனது. போட்டியின் சின்னம் அது. உள்ளே ஆள் புகுந்து ஆட்டுகிற, ஓடு சுமந்த பெரிய பொம்மை. பெரிய மனிதர்களுக்குச் சலாம் வைப்பதும் வீரர்களின் நடையைப் பின்னாலிருந்து பழித்துக்காட்டுவதுமாக அது மைதானத்தையே கலக்கிக்கொண்டிருந்தது.

ஆமை திரைக்கு வந்தபோதுதான் அவளும் துணி மடிப்பதை விட்டுக் கொஞ்சம் நின்று பார்த்தாள்.

மேடைப் படிகளில் குதித்துக் குதித்து இறங்கிய ஆமை, கடைசிப் படியில் இடறி மல்லாக்க விழுந்தது. ஓடு தரையோடு கிடக்க, நாலு காலும் ஆகாயத்தில் உதைத்துக்கொண்டன. அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இரண்டு பேர் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள். ஆமை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடியே கூட்டத்துக்குக் கையாட்டிவிட்டுப் போனது. மைதானமே எழுந்து நின்று கைதட்டியது.

பல நாள் ஒத்திகை பார்த்த நகைச்சுவை இது என்றார் வர்ணனையாளர். விழுந்ததையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள், வேகத்தைக் குறைத்து, அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும். மொத்த விழாவிலும் உருப்படியான ஒரே விஷயம் ஆமைதான் என்று எல்லாரும் எழுதுவதாக அண்ணன் சொன்னான்.

நிஜமாகவே விழுந்திருக்கும் என்று அண்ணிக்குச் சந்தேகம். சுத்த நடிப்பு என்று அண்ணன் சாதித்தான். இருவரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். அவள் ஒரு துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அதை மடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

அண்ணன் கடைசியில் அப்பாவிடம் பஞ்சாயத்துக்கு வந்தான். அப்பா பாதி ஆயுளைக் கால்பந்து மைதானங்களில் ரெஃபரியாகக் கழித்தவர். அடிபட்டதுபோல் புல்லில் உருளும் ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர்.

"விழுந்தவன பாக்கக்கூடாதுடா. அவன் எப்படி வேணா நடிப்பான்," என்றார் அப்பா. "அவனுக்கு வேண்டியவன் பக்கத்துல நிப்பான் பாரு, அவன் மூஞ்சிய பாக்கணும். அதுல பொய் வராது."

ஆமைக்கு வேண்டியவனுக்கு எங்கே போவது என்று அண்ணன் சிரித்தான்.

அப்பா சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடக்கினார். எப்படியும் அந்தக் கேள்வி வரத்தான் போகிறது என்று அவள் தயாரானாள். அதிகாரிகளுக்கெல்லாம் திரைக்குப் பின்னால்தான் வேலை, கேமரா அந்தப் பக்கமே போகாது என்று சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது அப்பா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறார் என்று தெரியவில்லை.

"மாப்பிள்ளைக்குப் போன் போடும்மா," என்றார். "எந்தக் கால்னு கேளு."