பூசணிக்காய் உடைத்த பிறகு

தொடரின் கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்து, வாசலில் பூசணிக்காய் உடைத்த சத்தம் கேட்ட பிறகும் திலகவதி கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. கதையில் அவள் மாமியார். நான்கு வருடமாகக் கோமாவில் கிடக்கிறாள். மூக்கில் குழாயோடு கண்ணை மூடிப் படுத்திருப்பதுதான் வேலை. மருமகள்கள் சேர்ந்துவிட்டார்கள், வில்லி திருந்திவிட்டாள், எல்லோரும் சிரித்தபடி நிற்கும் குடும்பப் படமும் எடுத்தாயிற்று. அவளுக்கு மட்டும் யாரும் முடிவு எழுதவில்லை.

உதவி இயக்குநர் ஜெபராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா, உங்கள மறந்தே போயிட்டோம்."

பின்னால் வந்த இயக்குநர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "கண்ணு முழிச்சீங்கன்னா பக்கத்துல பிள்ளைங்க நிக்கணும்மா. எல்லாரும் மேக்கப்ப கலைச்சிட்டாங்க. செத்துட்டீங்கன்னா தனியா ஒரே ஷாட்ல முடிச்சிடலாம்."

"சரிங்க சார்."

செட்டின் பக்கத்துச் சுவரைக் கழற்றிக்கொண்டிருந்த தச்சர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, கேமராவை அவள் முகத்தருகே கொண்டுவந்தார்கள்.

"மூச்ச அடக்கிக்கோங்கம்மா. ஆக்‌ஷன்."

நான்கு வருடத்தில் முதல் முறையாக, ஷாட் ஓடும்போது திலகவதி கண்ணைத் திறந்தாள். கேமராவையே பார்த்தாள். கட் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.