பின்பக்கம் பார்க்கும் அம்பு

தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழும் வெயில், லாரியின் முன் அச்சின் மேல் காசளவு வட்டமாகக் கிடக்கிறது. மெக்கானிக் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருக்கிறாள். அச்சுக்கு மேலே வில்லாக வளைந்து வண்டியின் பாரம் தாங்கும் புதுக் கமான் பட்டையைத் தூக்கி மாட்டியவன் லாரியின் டிரைவர், அவள் கணவன். வேலை முடிந்து கிளம்பினால் பத்து நாள் கழித்துத்தான் வீடு. இப்போது ஜாக்கியை அழுத்துகிறான். அச்சு நூல் நூலாக ஏறுகிறது. கமானின் அடியில் துருத்தி நிற்கும் போல்ட் தலை அச்சின் குழிக்குள் உட்கார வேண்டும். அவள் விரல் விட்டுத் தடவுகிறாள். இரண்டு விரற்கடை தள்ளி நிற்கிறது. “நிறுத்துங்க, உக்கார மாட்டேங்குது.” டார்ச்சை அடிக்கிறாள். பின்னால் வர வேண்டிய கமானின் குட்டைப் பாதி முன்னால் இருக்கிறது. முன்பக்கம் எதுவென்று மாறிவிடக் கூடாதென்று அவள் சாக்பீஸால் போட்டுவைத்த அம்பு, ஒய்யாரமாகப் பின்சக்கரத்தைப் பார்க்கிறது. “இருபது வருஷமா வண்டி ஓட்டுறீங்க. முன்ன எது, பின்ன எதுன்னு தெரியலையா?” “அவசரத்துல கவனிக்கல” என்கிறான். காலையிலிருந்து ஒவ்வொரு நட்டையும் டீசலில் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு என்ன அவசரம்? குனிந்து எட்டிப் பார்க்கும் அவன் முகத்தில் பால் குடித்த பூனையின் களை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பானரை நீட்டுகிறாள். “கழட்டுங்க. மெதுவாவே கழட்டுங்க.”