முதலாளி பேசுகிறேன்

“யார் கேட்டாலும் நீங்க என் அப்பா இல்ல. இதை மட்டும் மறந்துடாதீங்கப்பா.”

குழாய்க் கடைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கைப்பேசியை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தார். பேசுவது வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்கும் சொந்த மகனேதான்.

“என்னடா உளர்றே?”

“எங்க காலேஜ்ல வேலை தேட உதவி பண்றதுக்குன்னே ஒரு மேடம் இருக்காங்கப்பா. நம்ம கடையில ரெண்டு வருஷம் இருந்தேன்ல, அதை அனுபவம்னு பயோடேட்டாவுல போடச் சொன்னாங்க. போட்டுட்டேன். இப்ப கம்பெனியில பழைய முதலாளிகிட்ட விசாரிப்பாங்களாம்.”

“விசாரிக்கட்டும். உள்ளதைச் சொல்றேன்.”

“அப்பாவே பையனை நல்லவன்னு சொன்னா எவன் நம்புவான்? அதான் உறவு இல்லைன்னு போட்டிருக்கேன். எப்ப வேணா கூப்பிடுவாங்க. இந்த வேலையும் போச்சுன்னா, விசா முடிஞ்சு மூட்டை கட்டிட்டு வர வேண்டியதுதான்.”

அன்றிலிருந்து கடையில் வியாபாரம் பாதி, ஒத்திகை பாதி. எல்போ கேட்டவருக்கு வால்வு போனது. மதியச் சாப்பாடு கொண்டுவரும் மனைவிதான் கம்பெனிக்காரர். அவள் கேட்பாள், இவர் சொல்வார்.

“பையன் நேரத்துக்கு வருவாரா?”

“எங்க, எழுப்பினாத்தான் எழுந்திரிப்பான்.”

“போச்சு, எல்லாம் போச்சு. அவன் இல்லைங்க, அவர். முதலாளி எதுக்கு எழுப்பப் போறார்?” என்று தலையில் அடித்துக்கொள்வாள். பெற்ற பிள்ளையை ‘அவர்’ என்று சொல்ல அவருக்கு வாயே வரவில்லை.

ஒரு மதியம் அவள் கேரியரைத் திறந்துகொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“வணக்கம் சார். வெளிநாட்டுல எம்.பி.ஏ. படிக்கிறாரே, அந்தப் பையனைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்.”

அட, தமிழில் பேசுகிறார்கள். கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். மறுமுனையில் குக்கர் விசிலடித்தது. பெரிய கம்பெனி, கேன்டீன் இருக்கும் என்று அவள் காதில் ஓதினார்.

“தாராளமா கேளுங்க சார். நீங்க கூப்பிடுவீங்கன்னு சொல்லியிருந்தார்.”

“சொல்லிட்டாரா? நல்லதாப் போச்சு. ஆள் எப்படிங்க?”

“தங்கமானவர் சார். ஒரே நேரத்துல நாலு பேர் வந்து நின்னாலும், ஒருத்தரும் கோச்சுக்காதபடி சமாளிச்சிடுவார்.”

“நாலு பேரா...” மறுமுனை சற்று யோசித்தது. “எங்ககிட்ட வந்தா நிலைச்சு இருப்பாரா?”

“ரெண்டு வருஷத்துக்கு நான் கேரண்டி. அதுக்கு மேல இதைவிட நல்லதா அமைஞ்சா போகத்தான் செய்வாங்க. இந்தக் காலத்துல யார் சார் ஒரே இடத்துல இருக்காங்க?”

மனைவி தொடையில் கிள்ளினாள். உள்ளதைத்தானே சொன்னோம் என்று அவர் முறைத்தார்.

“இதுக்கு முன்னாடி வேற எங்கேயாவது பேச்சு நடந்துதா?”

“ஆறேழு இடம் சார். கடைசி வரைக்கும் போய்க் கை நழுவிடும். பாவம், ஒவ்வொரு தடவையும் புதுச் சட்டை போட்டுட்டுப் போவார்.”

அங்கே யாரோ இருமினார்கள். கடைக்காரருக்குக் குழப்பமாக இருந்தது. கணக்கு வருமா, கம்ப்யூட்டர் தெரியுமா என்று ஒன்றும் கேட்க மாட்டேன் என்கிறாரே இந்த மனிதர். ஒத்திகை பார்த்த கேள்வி ஒன்றுகூட வரவில்லை. பெரிய படிப்புக்கு இப்படித்தான் சுற்றி வளைத்துக் கேட்பார்கள் போலிருக்கிறது.

“தப்பா நினைக்காதீங்க சார். நீங்க பையனோட அப்பாதானே?”

வந்துவிட்டது. மகன் பயந்த அந்தக் கேள்வியே வந்துவிட்டது. மனைவி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். இதில் சறுக்கினால் பிள்ளையின் பிழைப்பு போச்சு. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. கடைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார்.

“இல்ல சார். எனக்கும் அவருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. கடையில வேலைக்கு இருந்தார், அவ்வளவுதான். அவங்க அப்பா அம்மா யாருன்னே எனக்குத் தெரியாது.”

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சரியாகச் சொன்னீர்கள் என்று தலையை ஆட்டினாள்.

மறுமுனைக் குரல் தடுமாறிக்கொண்டே வந்தது.

“அவர்கூடப் படிக்கிற எங்க பொண்ணு, ‘இது அவரோட அப்பா நம்பர், நீங்களே பேசி முடிவு பண்ணுங்க’ன்னு சொல்லித்தானே சார் குடுத்தா. அப்ப அவ யாரைக் கட்டிக்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா?”