வெளியே இருந்த நாட்கள்

“சாவுக்கு வராதவளுக்குச் சாவு சர்டிபிகேட் இன்னாத்துக்கு?”

ஜெயராமன் கேட்டார். ஜெபா வாசலிலேயே நின்றாள். கையில் இரண்டு தாள்கள்.

ஜெபா எதிர் ஃபிளாட்டுக்காரி. ஜெயராமனின் மனைவி சரசாவுக்குச் சென்னையை ஒட்டிய பருத்திப்பட்டில் இருந்த ஒரே சிநேகிதி. சரசா போய் நாலு மாதம் ஆகிறது. அதன்பிறகு அந்த வீட்டுக் காலிங் பெல்லை அமுக்குகிறவள் அவள் ஒருத்திதான்.

மகள் மோகனப்பிரியா போர்ச்சுகலில் இருக்கிறாள். எந்த ஊரில் உட்கார்ந்தும் லேப்டாப்பில் பார்க்கிற வேலையாம். அதற்கென்றே ஒரு விசாவாம். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவர் நிச்சயம் பண்ணின மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள். இனிமேல் என் வீட்டு வாசப்படி மிதிக்காதே என்றார். மிதிக்கவில்லை. போனும் பண்ணவில்லை. அவரும் பண்ணவில்லை.

சரசாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோதும் மகள் வந்து அவர் பார்க்கவில்லை. ஆபரேஷனுக்கு வரவில்லை. தூக்கின அன்றும் வரவில்லை. சொந்தக்காரர்கள் ஜாடைமாடையாகக் கேட்டபோதெல்லாம், “எனக்குப் பொண்ணே கெடையாது” என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அது பழகிப்போயிற்று.

அம்பத்தூரில் இருந்த லேத் பட்டறையையும் விற்றாகிவிட்டது. பகலெல்லாம் டி.வி. ஓடும், அவர் பார்க்கமாட்டார். சில நாள் சாயங்காலம் வரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டார். ஜெபா குழம்பு கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஜெபா மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். மோகனப்பிரியா விசாவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நாட்டில் இத்தனை நாள் தங்கியே ஆகவேண்டுமென்று கணக்கு இருக்கிறது. இவள் அதை மீறி வெளியே இருந்துவிட்டாள். ஏன் போனாய் என்று காரணம் காட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“கட்டட்டும்.”

“கட்டிக்கிட்டு எங்க போவா, அண்ணே? அவளுக்கு வேற வீடு இல்லியே.”

ஜெயராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஊரு ஊரா சுத்தியிருப்பா. அதுக்கு நான் இன்னா பண்றது?”

ஜெபா முதல் தாளை நீட்டினாள். மோகனப்பிரியா அந்த நாட்டைவிட்டு வெளியே போன நாட்களின் பட்டியல். பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து அவளே தயார் செய்தது. என்றைக்குக் கிளம்பினாள், என்றைக்குத் திரும்பினாள், எங்கே போனாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நாலே வரிகள். போன இடம்: சென்னை. அடுத்த வரியிலும் சென்னை. நாலிலும் சென்னை. மொத்தம் இருநூற்று நாற்பத்தேழு நாட்கள்.

தேதிகளைப் பார்த்தார். முதல் வரி, சரசாவுக்கு ஆபரேஷன் நடந்த மாசம். இரண்டாவது, கெமோ போட்ட நாலு மாசம். அடுத்தது, ரேடியேஷன் என்று கரண்ட் வைத்த சமயம். கடைசி வரி சரசாவின் கடைசி நாட்கள். அவள் சாவதற்கு மூன்று நாள் முன்னால் அது முடிந்திருந்தது.

“விசாவுக்குக் கைரேகை வைக்கக் கூப்பிட்டாங்க. போயே ஆகணும்” என்றாள் ஜெபா. “போய் மூணே நாள்ல, இங்க அக்கா போயிட்டாங்க. அவ டிக்கெட் போடறதுக்குள்ள நாம தூக்கிட்டோம்.”

அவர் தாளை மறுபடியும் முதல் வரியிலிருந்து பார்த்தார்.

“இங்க எங்க தங்கினா?”

“முகப்பேர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல். நீங்க வாசப்படி மிதிக்காதன்னு சொன்னீங்கள்ல? நீங்க பட்டறைக்குப் போயிடுவீங்க. நான் அக்காவை ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டதோட சரி. மத்ததெல்லாம் அவதான். கட்டிலுக்குப் பக்கத்துல லேப்டாப்பை வச்சுக்கிட்டு வேலை பாப்பா.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“தெரிஞ்சா அங்கேயும் வந்து வெரட்டிடுவீங்கன்னு அக்காவுக்குப் பயம். சத்தியம் வாங்கிட்டாங்க.”

ஜெயராமன் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துச் சர்டிபிகேட்டோடு வந்தார். முகம் கழுவியிருந்தார்.

ஜெபா இரண்டாவது தாளைக் கொடுத்தாள். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலம். அந்த ஊர் வக்கீல் கேட்ட கேள்விகளைத் தமிழில் எழுதி, பதில்களையும் மோகனப்பிரியாவே எழுதியிருந்தாள். கையெழுத்து ஆனதும் அங்கே மொழிபெயர்த்துக்கொள்வார்களாம்.

நோயாளியின் பெயர், சரசா. நோய், எழுதியிருந்தது. உடனிருந்தவர், மகள்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. ‘நோயாளியைக் கவனித்துக்கொள்ள அப்போது வீட்டில் வேறு யாரும் இல்லையா?’

“இதை ஏன் விட்டுட்டா?”

ஜெபா தயங்கினாள். “யாரும் இல்லன்னு எழுதினாத்தான் கேஸுக்கு நல்லதுன்னு வக்கீல் சொன்னாராம். ‘எங்கப்பா இருக்கும்போது யாரும் இல்லன்னு எப்படி எழுதறது ஆன்ட்டி’ன்னு கேட்டா.”

ஜெயராமன் பேனாவை வாங்கினார். அந்தக் கேள்விக்குக் கீழே நிறுத்தி நிதானமாக எழுதினார்:

‘நான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒருநாளும் போகவில்லை.’