யூகேஜிக்குப் போகத் துடித்த அவரை விதை

எல்கேஜி பியூலா டீச்சர் விதைகளைப் பேசவைக்கும் மாயத் தொட்டியில் ஓர் அவரை விதையை நட்டு, "ஒரு வாரம் பொறுங்க, முளைச்சிரும்" என்றார். நாலு வயது பெனிட்டாவுக்குப் பொறுமை ஏது? தினமும் மூன்று முறை விதையைத் தோண்டிப் பார்த்தாள்.

நான்காம் நாள் விதை அலறியது. "டீச்சர், என்னை யூகேஜிக்கு மாத்திருங்க! இங்க இருந்தா செத்தே போயிருவேன்!"

பெனிட்டாவின் உதடு பிதுங்கியது. "போகாத! இனிமே தோண்ட மாட்டேன். பக்கத்துல உக்காந்து பாட்டு மட்டும் பாடுறேன்."

சொன்னபடியே அன்று முழுக்கத் தொண்டை கிழியப் பாடினாள். டீச்சரே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் மறுபடி பாடத் தொடங்கியதும் மண்ணைப் பிளந்துகொண்டு முளை எட்டிப் பார்த்தது. "வந்துட்டேன்! பாட்டை நிறுத்தச் சொல்லுங்க, டீச்சர்!"

பெனிட்டா துள்ளிக் குதித்தாள். "டீச்சர், என் பாட்டு அதுக்குப் பிடிச்சிருச்சு!"