குழந்தைவேலுவின் பங்குத் தண்ணீர்

ஊரெங்கும் தண்ணீர்ப் பஞ்சம்; வீட்டுக் குழாயில் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர்தான் அளந்து விட்டார்கள். காய்கறி கிடைக்காமல் மகளுக்கு ஈறில் ரத்தம் கசிந்ததால், பதினாறாம் மாடி பால்கனியில் ஒரு பெயின்ட் வாளியில் அவரை விதை ஊன்றினாள் செண்பகவல்லி. தன் பங்கில் ஒரு டம்ளர்தான் ஊற்றினாள். ஆனாலும் கொடி கம்பியெல்லாம் படர்ந்து பூத்தது.

ஒரு காலையில் கணவன் குழந்தைவேலு மயங்கி விழுந்தான்.

“இவரு தண்ணியே குடிக்கலையா? ரெண்டு கிட்னியும் போயிடுச்சும்மா” என்றார் மருத்துவர்.

“என்னங்க பண்ணீங்க?” என்று கட்டிலருகே கதறினாள்.

“பிஞ்சு விட்டிருக்கு. வாட விட்டுடாத” என்றான்.

மூன்றாம் நாள் இறந்தான். அன்றே வீட்டுக் குழாயில் அவன் பங்கு நின்றது.

செண்பகவல்லி இருந்த காய்களைப் பறித்து வதக்கினாள். மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை அழாமல் உட்கார்ந்திருந்தாள்.