விகுதிப் பிழை

நியூ ஜெர்சி, 1989. டிவியில் மூன்று வருஷத்துக்கு முந்தைய செர்னோபில் விபத்தைக் காட்டினார்கள். அணு உலை வெடித்த ஐந்தாம் நாள், கீவ் நகரில் குழந்தைகள் மே தின ஊர்வலம் போனார்கள். பின்னணியில் ரஷ்ய மொழியில் ஒரு பெண் நிருபரின் குரல்.

"என்ன சொல்றா?" ஞானமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒக்ஸானாவைக் கேட்டாள்.

பக்கத்து வீட்டு ரூஃபஸ் போன வருஷம் கீவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள் ஒக்ஸானா. கணவனிடம் கற்ற தமிழ் பேசுவாள், விகுதியில்தான் தடுமாறுவாள்.

"ஆபத்து இல்ல, பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றா."

"பாவி. வாய் கூசாமப் பொய் சொல்லியிருக்கா. அவ பெத்த பிள்ளைய அனுப்பியிருப்பாளா?"

"அனுப்பினேன்."

"அவளப் பத்திப் பேசறப்போ 'அனுப்பினா'ன்னு சொல்லணும்மா. 'அனுப்பினேன்'னா நீ அனுப்பினதா ஆயிடும்."

டிவியில் அந்த நிருபரின் குரல் தொடர்ந்தது; ஒக்ஸானாவின் உதடுகள் அதே வார்த்தைகளை அதற்கு முன்பே சொல்லி முடித்தன.

"தெரியும் ஆன்ட்டி. சரியாத்தான் சொன்னேன்."